ஒரு டிராக்டர் நிறையச் சம்மதம்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டது எங்கள் எதிர்வீட்டுக்காரிதான். "இனிமே ஒன் சத்தம் கடலுக்கு அந்தாண்ட கேக்கட்டும்டி" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மாப்பிள்ளை பாகூர்ப் பக்கம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. அதனால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மகனும் பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பெண் பார்ப்பதற்காக லீவில் வந்திருந்தார். பார்த்தார், பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துவிட்டது. அதை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் ஒதியம்பட்டுக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற கிறிஸ்தவக் குடும்பம். மாதா கோவிலில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தால் எங்களுக்குக் கல்யாணம் முடிந்தது. பிரான்சுக்காரர்களுக்கு அது போதாது. புதுச்சேரியில் இருக்கும் அவர்களுடைய ஆபீசில் எங்கள் இருவர் பேரையும் எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம், கெடுவுக்குள் யாரும் வராவிட்டால் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் கல்யாணம் அங்கே செல்லும், எனக்கு விசாவும் கிடைக்கும். கெடு முடிகிற நாளுக்கு மறுவாரம் அவருக்கு லீவு முடிகிறது. கெடு முடிகிற அன்றைக்கே கடிதம் கைக்கு வராவிட்டால் கல்யாணம் அடுத்த லீவில்தான். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து.

மாப்பிள்ளை இதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். "ஒண்ணும் செய்ய வேணாம் மாமா. யாரும் வராம இருந்தாலே போதும்."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது எப்படி தம்பி? யாருமே வரலன்னா அவங்க இன்னா நெனப்பாங்க? நாதியத்த பொண்ணுன்னு நெனக்க மாட்டாங்க?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கோவிலிலும் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் பேர்களைப் படிப்பார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பெண் வீட்டுக்கு வந்து, "எங்க வூட்ல தடை ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். வராத வீட்டுக்காரர் மனசில் ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஊரல்ல எங்கள் ஊர்.

கெடு முடிகிற நாள் காலையில் நானும் அம்மாவும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். அப்பா பின்னால் வருகிறேன் என்றார். ஆபீஸ் பெஞ்சில் மாப்பிள்ளை இந்த ஓரம், நான் அந்த ஓரம், நடுவில் அம்மா. கடிதம் தயாராகிறது என்று குமாஸ்தா சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊர்க்காரர்தான், அதிகாரிக்குத் தமிழை மாற்றிச் சொல்வதும் அவரே.

அப்போது வாசலில் டிராக்டர் சத்தம். எட்டிப் பார்த்தால் கரும்பு ஏற்றுகிற பெட்டியில் எங்கள் தெருவே நின்றுகொண்டு வந்திருக்கிறது. எல்லாரும் பூசைக்குப் போகிற உடுப்பில், தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து. முன்னால் அப்பா. அவர் நேராகப் பலகையைக் காட்டி, "இதுக்குத்தான் வந்திருக்கோம்" என்று காவலாளியிடம் சொன்னார்.

அதிகாரி வெளியே வந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை பேர் எதிர்க்கிற கல்யாணத்தை அவர் கண்டதே இல்லையாம். பலகையைக் காட்டிக்கொண்டு வந்தவர்களை விசாரிக்காமல் கடிதம் தர முடியாது என்று சொல்லி, கையிலிருந்த பேனாவை மூடிவிட்டார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் அந்த டிராக்டரை நானே ஓட்டிப் போய் ஆற்றில் தள்ளியிருப்பேன்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. முதலில் எதிர்வீட்டுக்காரி. "இவளுக்கு வாய் ரொம்ப நீளங்க. கோழி விஷயமா என்னாண்ட ஒரு வருஷம் பேசல. ஆனா எங்க வூட்ல தடை இல்ல." குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றிச் சொன்னார். அடுத்தது பக்கத்து வயல்காரர். "சின்ன வயசுல எங்க கரும்ப ஒடிச்சித் தின்னது இந்தப் பொண்ணுதான். அது போவட்டும். தடை இல்ல." இன்னொருவர் என் குழம்பைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவருக்கும் தடை இல்லை. அதிகாரிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. ஆனாலும் யாரையும் அனுப்பிவிடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்தவரை வரச் சொல்லி அவரே கையசைத்தார். என் குற்றங்குறையெல்லாம் பிரெஞ்சில் போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். எனக்கும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை பேரும் எனக்காக வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அன்றைக்கு இருந்த பூரிப்பு கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

கடைசியாக அப்பா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கும் தடை இல்லதானே பெரியவரே?" என்றார் குமாஸ்தா, பேனாவை எடுத்துக்கொண்டே.

"எனுக்கு இருக்குது."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தடை?"

"தூரம்பா" என்றார் அப்பா. "ரொம்ப தூரம்."

குமாஸ்தா அதை மெதுவாக மாற்றிச் சொன்னார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இத எழுதிக்கணுமான்னு கேக்குறார்" என்றார் குமாஸ்தா.

"எழுதினா கல்யாணம் நிக்குமா?"

"இன்னிக்கிக் கடிதம் வராது. நிக்கும்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ எழுத வாணாம். அவரு கேட்டுக்கினார் இல்ல, அது போதும்."

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. ஊரையெல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்துக்கொண்டு வந்து, தமிழ் தெரியாத ஒரு மனிதரிடம் போய்ச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி எழுந்து வந்து கடிதத்தை என் கையில் தராமல் அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாம்மா, டிராக்டர்காரன் ஆரன் அடிக்கிறான்" என்று எனக்கு முன்னால் படியிறங்கினார்.