இழுத்துக்கொண்டு போன வீடு

ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலர் வலப்பக்கம் போகும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்புத் தேவையில்லை. நான் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற எஞ்சினியர். ஆகவே எனக்குப் புரியவில்லை. மெல்பேர்னில், மல்கிரேவில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த வெறும் காணியில் மூன்று சனிக்கிழமைகள் பயிற்சி எடுத்தேன். மூன்றாவது சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ட்ரெயிலர் என்னோடு வேலை செய்த ஒருவர் இரவல் தந்தது. மூடியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் கட்டில் விரியும், நடுவில் கூடாரம் எழும்பும், பின்பக்கம் ஒரு காஸ் அடுப்பு வெளியே வரும். மெல்பேர்னிலிருந்து கடற்கரை வீதியால் சிட்னிக்குப் போய், ஹோம்புஷில் ஃபிளாட் எடுத்திருந்த என் நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்புவதாகத் திட்டம்.

ஊரிலிருந்த அம்மாவுக்கு இதையெல்லாம் படம் கீறி விளக்கி எழுதியிருந்தேன். அவவின் பதில் இரண்டு வரி. “இருக்கிற வீட்டைப் பூட்டிப்போட்டு இன்னொரு வீட்டை ஏன் இழுத்துக்கொண்டு திரியப்போறாய்? மாடு ஆர், நீயோ?”

புறப்படுகிற சனிக்கிழமை காலை, ட்ரெயிலரைக் காரில் கொளுவிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. தம்பி அடித்திருந்தான். அம்மா வெள்ளி காலமானார். சனி தகனம். கடிதம் தொடரும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து காரின் பின்சீற்றில் இருந்தார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. மனைவி குசினியில் கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் தந்தியை மடித்துக் காரின் முன்பெட்டியில், வீதிப் படத்துக்குக் கீழே வைத்தேன். கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் நான். எந்தப் பிளேனைப் பிடித்தாலும் சாம்பலுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

சாவுச் செய்தி கேட்டால் தலையில் தண்ணீர் வார்க்கவேண்டும். வீட்டுக்குள் போய்த் திரும்பவும் குளித்தால் மனைவி கேட்பாள். பின்வளவுக்குப் போய்த் தோட்டத்துக் குழாயைத் தலையில் பிடித்தேன், உடுப்போடு.

“இதென்ன கோலம்?” என்றாள் மனைவி.

“ஹோஸ் பைப் வெடிச்சுப்போச்சு.”

“அது வெடிக்கேக்க நீங்கள் ஏன் அதுக்கு நேரை தலையைக் குடுத்தனீங்கள்?” என்று துவாயை எறிந்தாள். பிள்ளைகள் காருக்குள் கிடந்து சிரித்தார்கள். ஈரத் தலையோடு நான் காரை எடுத்தேன்.

ஒரு வசனம்தான். அம்மா செத்துப்போனா. டண்டினோங் தாண்டினவுடன் சொல்லலாம் என்று நினைத்தேன். தாண்டியது. பிறகு மாடுகள் வந்தன, மின்கம்பிகள் வந்தன, நான் கங்காருக் கதை சொன்னேன். கங்காரு லைசென்ஸ் எடுக்கப் போன கதை. சோதிக்க வந்தவர் வீதி விதிகளின் கையடக்கப் புத்தகம் எங்கே என்று கேட்க, கங்காரு, “அது என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை கிடக்கு” என்று வயிற்றுப் பையைக் காட்டுகிற கதை. சின்னவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஐந்து தரம் சொன்னேன்.

பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இன்னொருவருடையது மாதிரி இருக்குமே, கிள்ளினாலும் தெரியாதே, எனக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய படம் மாதிரி, ஒன்றும் பேசாமல் வந்தது. சரி, இருக்கட்டும் என்று கியரை மாற்றினேன்.

லேக்ஸ் என்ட்ரன்ஸில், இப்படி வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்குகிற கரவன் பார்க்கில் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்தேன். அது குறுக்கே மடிந்து ஒரு தண்ணீர்க் குழாயை முத்தமிட்டது. நாலு வெள்ளைக்காரர்கள் பியர்ப் போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு வந்து, ட்ரெயிலரைக் காரிலிருந்து கழற்றி, கையால் தள்ளி இடத்தில் விட்டார்கள். “ஊரிலை நீங்கள் என்ன ஓட்டினனீங்கள்?” என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டதை மனைவி தமிழில் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். “சைக்கிள்,” என்றேன். “அதுவும் முன்னுக்கு மட்டும்.”

மறுநாள் மனைவி துறையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கரவன் பார்க் முழுக்க மணந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்காரர் எட்டாம் நாள்வரை மீன் இறைச்சி மச்சம் எதுவும் தொடமாட்டார்கள். எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, மீனும் வைத்துப் படைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள்.

“எனக்கு வேண்டாம். வயிறு சரியில்லை,” என்றேன்.

“உங்கட வயிறோ? அது கல்லைப் போட்டாலும் கரைக்குமே.”

“அவுஸ்திரேலியக் கல்லுக்குச் சரிவருகுதில்லை.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பருப்பை என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு ஈடனிலும் பேட்மன்ஸ் பேயிலும் எனக்குப் பருப்பும் சோறும்தான் வந்தது. கேள்வி வரவில்லை. என் நடிப்பு நன்றாக இருக்கிறதென்று நினைத்தேன். தாடியும் விட்டிருந்தேன். “லீவுத் தாடி,” என்றேன். யாரும் மறுக்கவில்லை.

என் திட்டம் இதுதான். சனிக்கிழமை எட்டாம் நாள். அன்றைக்கு ஹோம்புஷ் போய்ச் சேருவோம். நண்பன் வாய் மூடாத மனிதன். அவனைத் தனியே கூப்பிட்டுத் தந்தியைக் கையில் கொடுத்தால், என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவனே சொல்லிவிடுவான். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும். ஸ்டியரிங்கில் விரலால் தட்டித் தட்டி நாட்களை எண்ணினேன். உண்மையைச் சொன்னால், எண்ணியதில் பாதி மீனுக்காக.

வெள்ளிக்கிழமை கயாமாவில் நின்றோம். பின்னேரம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், காலில் மணலோடு திரும்பினேன். ட்ரெயிலருக்கு வெளியே மடக்கு மேசை விரித்திருந்தது. அதில் செம்மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு. சோறு, கத்தரிக்காய், பொரித்த மீன். பக்கத்தில் ஒரு கிளாஸ் பால் விடாத தேநீர், இரண்டு கிறீம் கிறாக்கர் பிஸ்கட். அம்மா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது உடைந்து விழுமுன் வாயில் போடுகிறவ. ஊதுபத்தி இல்லாததால் மனைவி கொசு விரட்டுகிற நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருந்தாள். அவள் தலை ஈரமாக இருந்தது.

“இதென்ன?” என்றேன்.

“எட்டு.”

“எட்டு நாளைக்கெல்லோ!”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. ஆறு நாளாக விழுங்கி வைத்திருந்தது, கணக்குப் பிழை திருத்துகிற அவசரத்தில் வெளியே வந்துவிட்டது.

“தந்தி வந்த நாளிலயிருந்தோ எண்ணுறது?” என்றாள். “மாமி போன நாளிலயிருந்தெல்லோ எண்ணவேணும். வெள்ளிக்கிழமை எண்டு அதிலை எழுதிக்கிடக்கு. எஞ்சினியராம்.”

“எப்ப பாத்தனீர்?”

“ரெண்டாம் நாள். மீன் துறைக்கு வழி பாக்க வீதிப் படத்தை எடுத்தனான்.”

“பிறகேன் அண்டைக்கு எனக்கு மீன் தந்தனீர்?”

“சமைச்சு வைச்சுக் கூப்பிட்டால் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். வயிறு எண்டியள்.”

“நீராவது கேட்டிருக்கலாமே.”

“உங்கட அம்மா. நீங்களெல்லோ சொல்லவேணும்.” குரல் உயரவில்லை. கோபமாயிருந்திருந்தால் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

மூத்தவள் மேசையைச் சுற்றி வந்தாள். “அம்மா, ஹூ இஸ் திஸ் ஃபோர்?”

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹோம்புஷ் நண்பன் எண்பது மைலுக்கு அப்பால் இருந்தான்.

“அப்பம்மாக்கு,” என்றேன். “அப்பம்மா செத்துப்போனா.”

“எப்ப?”

“போன வெள்ளிக்கிழமை.”

அவள் விரல் மடித்துப் பார்த்தாள். “அப்ப கங்காரு ஜோக் சொல்லேக்க உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“ஐஞ்சு தரமும்?”

“ஓம்.”

“வொய், அப்பா?”

 “கால் மணலைக் கழுவிப்போட்டு வாங்கோ,” என்றேன். கழுவிக்கொண்டு வந்து நாலு பேரும் கும்பிட்டோம். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நுளம்புத்திரி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

பிறகு சாப்பிட்டோம். மனைவி மீன் எப்படி என்று கேட்டாள்.

“உப்புக் காணாது,” என்றேன்.

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அப்பா, அது உப்புக் கரிக்குது,” என்றாள் சின்னவள். அவள் பாதியை ஒதுக்கிவிட்டாள். அதையும் எடுத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஹோம்புஷ் போய்ச் சேர்ந்தோம். ஃபிளாட்டுக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் பின்னுக்கு எடுக்கப்போய், வழமை போல ட்ரெயிலர் வீதிக்குக் குறுக்கே மடிந்து நின்றது. நண்பன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியால் ஓடி வந்தான்.

“என்ன மச்சான், வீட்டையும் இழுத்துக்கொண்டு வந்திட்டியோ!”

தந்தியை எடுக்க முன்பெட்டிக்குக் கை போனது. மனைவி பக்கத்துச் சீற்றில் நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். கையை எடுத்துவிட்டு இறங்கினேன்.

“அம்மா போயிட்டா மச்சான்,” என்றேன்.

அவன் வாய் மூடி நின்றதை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். பின்னால் இரண்டு கார்கள் ஹோர்ன் அடித்தன. நாங்கள் நகரவில்லை. ட்ரெயிலரும் நகரவில்லை.