சாம்பார் வாளி நின்ற அரை நிமிடம்

சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபிப்பது ஒரு சிக்கலான காரியம் என்பது பம்பாய்க்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா ஜெபித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று தெருவில் உள்ள அத்தனை பேரையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆமென் சொல்வார். பிள்ளைகள் நாங்கள் ஒரு கண்ணைத் திறந்து அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில், ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து வந்தேன். தாராவியில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கினேன். இருவருக்கும் தோல் பட்டறையில் வேலை. விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு நான் மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு மெஸ்ஸில் மாதக் கூப்பன் வாங்கிக்கொண்டேன். அங்கே காலை எட்டரை மணிக்கே சோறு, சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு ஓடினால் ஒன்பது மணி வண்டியைப் பிடித்துவிடலாம்.

அந்த நேரத்தில் மெஸ்ஸைப் பார்க்க வேண்டும். நீள மேஜைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். நம் இலையில் ரசம் விழுந்துவிட்டதா, மோர் வந்துவிட்டதா என்று நம்மைவிட அவருக்குத்தான் கவலை.

முதல் நாள் இலையில் சோறு விழுந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன சார், தூக்கமா? ஒன்பது மணி லோக்கல் உங்களுக்காக நிக்காது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவசரமாக ஆமென் சொல்லித் திரும்பிப் பார்த்தேன். கையில் தோல் பையோடு கனத்த மனிதர் ஒருவர். மாதுங்காவில் வெகுகாலமாகக் குடியிருந்து, ஏதோ கம்பெனியில் பெரிய கிளார்க்காக இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. என் நேரமும் அவர் நேரமும் ஒன்றாக இருந்ததால் பெரும்பாலும் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார். "ஜல்தி, ஜல்தி" என்று இந்தியில் அவசரப்படுத்தி முணுமுணுப்பார். கெட்டவர் இல்லை. அவருக்கு வண்டி போய்விடும், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஜெபத்தைச் சுருக்கினேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்து, கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கும் பிறகு, தாராவியிலிருந்து நடந்து வரும்போதே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. நடக்கும்போது ஆண்டவருக்குக் காது கேட்காதா? சில நாள் அப்படிச் செய்தேன். பிறகு வழியில் அலுவலக ஞாபகம் வந்துவிடும். எந்த நாளில் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நிறுத்திவிட்டேன் என்பதே தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில், அதாவது சர்ச்சில், ஆராதனை முடிந்து வந்து, அறையில் மூன்று பேரும் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பாட்டுக்குப் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டேன்.

"ஏல, ஜெபம் பண்ணாமயா கை வச்சிட்ட?" என்றார் மூத்தவர். திட்டுகிற குரல் இல்லை, ஆச்சரியப்படுகிற குரல். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று அவர்தான் ஜெபித்தார். அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. மெஸ்ஸில் எங்கள் வரிசைக்குப் பரிமாறுகிறவர் பாலக்காட்டுக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சாம்பார் வாளியோடு ஓட்டமும் நடையுமாக இருப்பார். அன்று மழையால் வண்டிகள் தாமதம். கூட்டம் குறைவாக இருந்தது. என் இலைக்குச் சாம்பார் விட்டவர் நகராமல் நின்றார்.

"சார், தப்பா நினைச்சுக்கப்படாது. இப்பல்லாம் நீங்க கண்ணை மூடறதில்லையே, ஏன்?"

"கூட்டம்... எல்லாருக்கும் அவசரம்" என்று இழுத்தேன்.

"அது சரி" என்றார். "ஆனா எனக்கு நஷ்டமாப் போச்சு. காலம்பற ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா பதினோரு மணி வரைக்கும் இந்தக் கால் நிக்கறதில்லே. ஒரு செகண்ட் நின்னா முதலாளி பார்ப்பார். நீங்க கண்ணை மூடினா மட்டும், 'அவர் பிரார்த்தனை பண்ணிண்டிருக்கார், முடியட்டும்'னு வாளியை மேஜைமேல வெச்சுட்டு நிப்பேன். முதலாளியும் ஒண்ணும் சொல்ல மாட்டார். அந்த அரை நிமிஷம்தான் எனக்கு ரெஸ்ட்."

யாரோ "சாம்பார்!" என்று கூப்பிட, போய்விட்டார். போகும்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. இத்தனை மாதம் அவர் கையிலிருந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கால்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஜெபம் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம், மற்றவர்கள் அதற்கு இடைஞ்சல் என்றுதான் எண்ணியிருந்தேன்.

மறுநாள் கண்ணை மூடினேன். வாளி மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சோற்றுக்காக நன்றி சொன்னேன். பிறகு, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருடைய கால்களுக்காக வேண்டிக்கொண்டேன். அதை அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. நிதானமாகச் சொன்னேன். பின்னால் பெருமூச்சு கேட்டது.

"இன்னிக்கு லாங் ப்ரேயரா?" என்றார் கனத்த மனிதர்.

"ஆமாம் சார், கொஞ்சம் நீளம்" என்றேன். என் தலைக்கு மேலாக, வாளியை வைத்துவிட்டுக் கால் ஆற நின்ற பரிமாறுகிறவரை அவர் பார்த்திருக்க வேண்டும். "சரி, ஆகட்டும், அடுத்த வண்டியும் இருக்கே" என்றார். அதற்குப் பிறகு அவர் ஜல்தி சொல்லி நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் பரிமாறுகிறவர் வரவில்லை. விசாரித்தபோது, காலில் புண் வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். காலில் கட்டோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அங்கே கண்ணை மூடிண்டு என்னதான் சொல்லுவேள்?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கால்களைப் பற்றியும் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ இன்னிக்கு எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்கோ."

வார்டில் முப்பது கட்டிலாவது இருக்கும். மராத்தியும் இந்தியும் பேசுகிறவர்கள் சுற்றிலும். வேற்று ஆட்கள் முன்னால் நான் வாய்விட்டு ஜெபித்ததே கிடையாது. அப்பாவைப்போல அழகாக எனக்கு வராது. "ஆண்டவரே, இவர் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டவர். இவர் காலைக் குணமாக்கும். இவர் வீட்டாரைப் பார்த்துக்கொள்ளும்" என்றேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அடுத்த கட்டில்காரரும் கைகூப்பியிருந்தார்.

புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. டாக்டர் இனி நின்று வேலை செய்யவே கூடாது என்றுவிட்டார். பரிமாறுகிறவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்றே பயந்தேன். ஆனால் கனத்த மனிதர் முதலாளியிடம் போய், "இருபது வருஷம் நடந்தவன் ஓய், கொஞ்சம் உக்காரட்டுமே" என்று பேசியிருக்கிறார். வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, கூப்பன் கிழிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். முதல் நாள் அவர் அந்த நாற்காலியில், யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் நன்றாகச் சாய்ந்து, வருகிறவர்களையெல்லாம் அதிகாரமாக வரிசையில் நிறுத்த ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து எனக்குத் தாராவிக் கோயிலில் கல்யாணம் நடந்தது. செம்பூரில் வீடு பார்த்திருந்தேன், இனிமேல் மெஸ் சாப்பாடு இல்லை. பரிமாறினவருக்கு அழைப்பிதழ் கொடுத்தபோது வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. சலவை வேட்டி கட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விருந்து சாப்பிடவில்லை, வெளியில் சமைத்ததைத் தொடாத ஆசாரம் அவருக்கு. ஒரு பழம் மட்டும் எடுத்துக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என் காதருகே குனிந்து கேட்டாள். "யாருல அது? ஆபீஸ்காரவுகளா?"

"இல்லம்மா. இங்க எனக்குத் தெனமும் சோறு போட்டவரு."

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நேரே அவரிடம் போனாள். "எம்புள்ளைய பட்டினி போடாமப் பாத்துக்கிட்டீய. நல்லாருக்கணும் ஐயா" என்றாள். அவர் பழத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வெட்கப்பட்ட பையனைப்போலச் சிரித்தார்.