அட்டைக் கோயிலில் ஒரு தொட்டில்

ஆறாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஆளுக்கொரு கட்டிடத்தை அட்டையில் செய்துவரச் சொல்லி இடைக்கால ஐரோப்பாவைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் பேர்போன கோட்டைகள். எனக்கு வந்தது பிரான்சின் மேற்கு ஓரத்தில், பிரிட்டனி என்ற கடற்கரைச் சீமையில் இருக்கும் ஒரு சின்னக் கிறிஸ்தவ யாத்திரைக் கோயில். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா அன்றே கட்டுக்கட்டாக அட்டை வாங்கி வந்துவிட்டார். ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் இருந்த சுகர் லேண்டில் புராஜெக்ட் பிள்ளைகளுடையது, போட்டி அப்பாக்களுடையது.

அந்த வருடம் மட்டும் அப்பா போட்டிக்காகச் செய்யவில்லை. தம்பி மாதம் நிறையாமல் பிறந்து ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அம்மா விடிந்ததும் ஃப்ரீவேயில் கிளம்பிப் போவாள், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். என்னை உள்ளே விடமாட்டார்கள். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரான அப்பா எதையும் விளக்கிச் சொல்லிவிடுவார். டாக்டர் சொன்னதை மட்டும் அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கத்தியை எடுத்து அட்டையை வெட்ட உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் கோயிலை ஒரு பிரபு கருங்கல்லில் தொடங்கிவைத்தாராம். பாதியில் நின்றுபோய், பிறகு யாத்திரை வந்தவர்களின் காணிக்கையில் வளர்ந்ததால் முன்பாதி குட்டையாகவும் பின்பாதி உயரமாகவும் ஒட்டாமல் நிற்கும். கடற்காற்று புகுந்து போவதற்காகக் கோபுரத்தில் துளைகள். உள்ளே கவிழ்த்த படகு மாதிரி மரக்கூரை. படகு கட்டும் தச்சர்களே அதையும் செய்தார்களாம்.

"பாரு அம்மிணி, செவுரு வெளிய சாஞ்சறக் கூடாதுன்னு கல்லுலயே முட்டுக் குடுத்திருக்காங்க. எத்தன பாரந் தாங்குது!" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஏற்கெனவே ஒட்டியிருந்த முட்டிலேயே மறுபடி பசை தடவினார். சரியாக ஒட்டவில்லை என்று நினைத்தேன்.

கூரை உத்தரத்தில் ஒரு குட்டிக் கப்பல் தொங்க வேண்டும். புயலில் பிழைத்து வந்த மாலுமிகள் நேர்ந்துகொண்டபடி அப்படிக் கட்டுவார்கள். நான் ஐஸ் குச்சியில் ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அம்மா அது என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போய் மஞ்சள் துணியைக் கிழித்து வந்தாள். நடுவில் ஒரு கூழாங்கல்லைப் படுக்கவைத்து, என் கோயிலின் உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினாள். எங்கள் ஈரோட்டுப் பக்கம் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு கோயில் மரத்தில் அப்படிக் கட்டுவது வழக்கம்.

"நோ, அம்மா! இட் ஹேஸ் டு பி எ ஷிப்!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் கண்ணு. ஊருக்குப் போயிக் கட்ட இப்ப முடியாதல்ல."

ஒரு கோடு பிசகினாலும் பிய்த்து ஒட்டுகிற அப்பா எழுந்து வந்து அந்த முடிச்சை இறுக்கிவிட்டார். அம்மா தொட்டிலை லேசாக ஆட்டிவிட்டாள். "கப்பல் திரும்பி வராதவங்க வீட்ல என்ன கட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"இட் டஸன்ட் சே, அம்மா" என்றேன், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

புராஜெக்ட் கொடுப்பதற்கு முந்தின நாள் நான் பள்ளி விட்டு வரும்போதே அம்மா வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் மேஜைக்கு வந்து கோயில் கூரையைத் தூக்கினாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். தொட்டிலை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கோபுரத்தின் கடைசித் துளையை வெட்டிக்கொண்டிருந்தார். அட்டை அறுந்த பிறகும் கத்தி மேஜையை அறுத்துக்கொண்டிருந்தது.

தம்பி அன்று காலையில் போய்விட்டான். புராஜெக்ட் கொடுத்து முடியட்டும், பிறகு பிள்ளையிடம் சொல்லலாம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் ஜனங்களுக்குச் சாவுகூடப் பள்ளிக்கூட வேலைக்கு அப்புறம்தான்.

அது எதுவும் தெரியாத எனக்கோ ஒரே நிம்மதி. நான் சொன்னதுதான் சரி என்று அம்மாவுக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது, இனி மார்க் குறையாது. காலியான உத்தரத்தில் என் கப்பலைக் கட்டி, கோயிலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். "நவ் இட்ஸ் கரெக்ட், அம்மா" என்றேன்.

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா. "இப்பதான் கரெக்ட்டு."