சிவப்புக் கோட்டைக் கண்டுக்காதீங்க

எனக்கு முன்கோபம் உண்டு. வேலைக்கு நடுவில் யாராவது சந்தேகம் கேட்டால் பாதிப் பதிலை வீசிவிட்டு என் திரைக்குத் திரும்பிவிடுவேன். முதலியார்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் என் பக்கத்து நாற்காலிக்கு ஓர் அம்மா வந்து சேர்ந்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்து வருடம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் புரோகிராம் எழுத வந்தவர். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலை உண்டா இல்லையா என்று சொல்வதாக முதலாளியின் ஏற்பாடு. முதல் நாளே என்னிடம் ஒன்று கேட்டார். எழுதும் வரிக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு விழுகிறதே, ஏன் என்று.

"அது அப்படித்தாம்மா வரும். சிவப்புக் கோட்டைக் கண்டுக்காதீங்க. புரோகிராம் ஓடுதுல்ல?" என்றேன்.

ஓடத்தான் செய்தது. நாங்கள் செய்வது ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான மென்பொருள். எல்லா வேலைக்கும் பொதுவான புரோகிராம்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, தனித்தனி வேலைகளுக்கு வெளியே வைத்திருக்கிறோம். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று, நாம் எழுதப் பயன்படுத்தும் எடிட்டருக்கு ஒருமுறை செட்டிங்ஸில் சொல்லவேண்டும். சொன்னால் அது உள்ளே போய் எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொள்ளும். இரண்டெழுத்து அடித்ததுமே மீதிப் பெயரை எடுத்துக் கொடுக்கும். சொல்லாவிட்டால், இந்தப் பெயரே எனக்குத் தெரியாது என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அந்த அம்மாவின் கம்ப்யூட்டர் புதிது. அதில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

மூன்றாவது மாதக் கடைசியில் முதலாளி என் அபிப்பிராயம் கேட்டார். ஆள் தங்கம், வேலை சுத்தம், ஆனால் ரொம்ப மெதுவு என்றேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிவிடலாம் என்றார்.

புதன்கிழமை ஊர்த் திருவிழா, சாமி கடலுக்குப் போகிறது என்று அந்த அம்மா லீவு போட்டிருந்தார். பார்த்து வைத்தாற்போல அன்றைக்கே, அவர் முன்பு செய்த ரிப்போர்ட்டில் ஒரு திருத்தம் கேட்டு ஃபோன் வந்தது. அவர் இடத்தில் உட்கார்ந்து திரையைத் திறந்தேன். அம்மை வார்த்தாற்போல எங்கே பார்த்தாலும் சிவப்பு. இரண்டெழுத்து அடித்தேன், ஒன்றும் வரவில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படி வேலை செய்தார் என்று நினைத்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்தேன்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. பொது ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு புரோகிராமின் பெயரும், அதற்கு என்னென்ன கொடுக்கவேண்டும், என்ன திருப்பித் தரும் என்பதும் தமிழில், பால்பாயிண்ட் பேனாவில், பக்க எண்ணோடு. ஓரத்தில் வீட்டுப் பிள்ளை யாரோ ஒரு மீன் வரைந்திருந்தது. எடிட்டர் ஒரு நொடியில் செய்யவேண்டியதை அந்த அம்மா மூன்று மாதமாகப் பக்கம் புரட்டிச் செய்திருக்கிறார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, நடை மெதுவு என்று குறை சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. என்மேல் வந்தது வேறு.

உடனே சரிசெய்ய உட்கார்ந்தேன். அவசரத்தில், பொது ஃபோல்டருக்கு மேலே இருக்கும் பெரிய ஃபோல்டரையே காட்டிவிட்டேன். எடிட்டர் அதில் கிடந்த பழைய காப்பி மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டு, பெயரைத் தொட்டால் என்றோ கைவிட்ட காப்பிக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அதையெல்லாம் நீக்கி, சரியான ஃபோல்டரை மட்டும் காட்டிய பிறகுதான் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மூன்று மாதமாக நீங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு, அந்த அம்மா தொடரட்டும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

மறுநாள் காலையில் அவர் திரையைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். தான் எதையோ அழித்துவிட்டோமோ என்று பயந்து, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து சரிபார்த்தார். எடிட்டரில் ஒரு செட்டிங் விட்டுப்போயிருந்தது என்று, என்னவோ அது தானாகவே விட்டுப்போனது போலச் சொன்னேன். இரண்டெழுத்து அடித்துப் பார்த்தார். பெயர் வந்து நின்றது.

"நான்தான் மந்தம்னு நெனச்சிட்டிருந்தேன் சார்," என்றார். "வெள்ளிக்கிழமையோட நின்னுடறேன்னு வீட்லயும் சொல்லிட்டேன்."

நிற்கவேண்டாம், வேலை உறுதியாகிவிட்டது என்றேன். தான் சொன்னால் வீட்டுக்காரர் நம்பமாட்டார், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று ஃபோனைப் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த அம்மா எதிரில் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

முகம் தெரியாத ஆள் என்பதாலோ என்னவோ, வீட்டுக்காரரிடம் பேச்சு தடையில்லாமல் வந்தது. கோடு, ஃபோல்டர், நோட்டு எல்லாம் சொன்னேன். உங்கள் வீட்டம்மா மந்தம் இல்லை, கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். மறுமுனையில் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ மந்தம் இல்லன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார். "இத அவகிட்ட சொல்லுங்க."

உள்ளே வந்து, நாற்காலியை அந்த அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பரவாயில்லை சார் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ கேக்கணும்னு தெனமும் நெனப்பேன் சார்," என்றார். "உங்களப் பாத்தா பயமா இருந்துச்சு."