பாக்கியலட்சுமியின் டீசல் குச்சி

குச்சியை டீசல் தொட்டிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று கண்ணருகே கொண்டுவந்து பார்க்கிறார் பாக்கியலட்சுமி. தொட்டியில் மீட்டர் இருக்கத்தான் இருக்கிறது. "அது ரெண்டு தடவ என்னை ஏமாத்திருச்சி," என்கிறார்.

நியூசிலாந்தின் புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் கொட்டகை ஒன்றில் பதிவேடுகள் இவர் பொறுப்பு. ஈப்போக்காரர், வயது ஐம்பத்திரண்டு. வீடிருக்கும் பக்குரங்காவிலிருந்து வருகிற அவருடைய காரில் ஏறினால் வெங்காய வாசனை மூக்கைத் துளைக்கும். தலைமுடியில் ஒரு சருகாவது ஒட்டியிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் "பசியாறிட்டீங்களா?" அடுத்ததாக, "நேத்து டிராக்டர் எத்தன மணி நேரம் ஓடிச்சி?"

வாங்குகிற ஐரோப்பாக்காரர்களுக்கு வெங்காயத்தோடு, அதை விளைவிக்க எவ்வளவு டீசல் எரிந்தது என்ற விவரமும் வேண்டும். நியூசிலாந்தும், பருவநிலைக்காகப் பாரீஸில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம் என்று அவர்களுடனான வணிக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அமைச்சர்கள் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். குச்சி இவர் கையில் இருக்கிறது.

அலுவலகத்தில் ஒயிட்னர் கண்ணில் பட்டால் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும். "தப்பாயிடுச்சா, ஒரே ஒரு கோடு போடு. பழசும் தெரியணும்."

சென்ற வாரம் தன் தப்பையே கண்டுபிடித்தார். அறுவடைக்கு வந்த ஒப்பந்தக்காரர், தன் டிராக்டருக்குத் தன் லாரியில் இருந்த டிரம்மிலிருந்தே டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். போன வருடமும் அப்படித்தானா என்று கேட்டு, அவருடைய பழைய டீசல் ரசீதுகளை வாங்கிக்கொண்டார் பாக்கியலட்சுமி. போன வருட அறிக்கையில் அந்த டீசல் இல்லை. கொட்டகைத் தொட்டியை மட்டும் அளந்து கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேலாளர் தண்டபாணி கோயம்புத்தூர்க்காரர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். திருத்தி அனுப்பினால், வெங்காயம் வாங்கும் ஹாம்பர்க் வியாபாரி விலகிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கப்பலேற வேண்டிய கன்டெய்னர் இங்கேயே கிடக்கும். பழி முழுக்கப் பாக்கியலட்சுமி தலையில்தான் விடியும்.

"போன வருசத்துக் கதை இப்ப எதுக்குங்க? யாருங்க கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார். கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிரணும்."

"உங்க வேலைக்கே ஆபத்துங்க."

"போனா போவுது. அந்த ஹாம்பர்க்காரனுக்கு என் மூஞ்சி தெரியாது. என் சைன் மட்டுந்தான் தெரியும்."

இவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான் ஓரமாக நின்றிருந்தேன். பாக்கியலட்சுமி போன வருடக் கோப்பை எடுத்து விரித்தார். தன் கையெழுத்துக்கு மேலே இருந்த எண்ணின் மீது, அது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தார். பக்கத்தில் புது எண், தேதி, கையெழுத்து. பிறகு கோப்பைத் தண்டபாணி பக்கம் திருப்பி வைத்து, அவரும் கையெழுத்திடப் பேனாவை நீட்டினார்.