மொட்டை மாடியில் தாளித்தவர்கள்

எங்கள் காம்பவுண்டில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் சாலையில் சற்று உள்ளே தள்ளி, நான்கு போர்ஷன்கள் கொண்ட வீடு அது. நான்கு சமையலறைகளும் ஒரே நடையைப் பார்த்தபடி இருந்தன. ஒரு வீட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டால் நான்கு வீட்டிலும் தும்முவார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காதவர்கள்கூட அடுத்த வீட்டு வாசனையில் ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பெரிதாக ஏப்பம் விடலாம். வாடகையில் இதுவும் சேர்த்தி என்று அப்பா கேலி செய்வார்.

முன் போர்ஷன் எங்களுடையது. அடுத்தது டீச்சர் அம்மா. மிஷன் பள்ளியில் கணக்கு எடுப்பவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாதவர். மூன்றாவதில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஓர் அக்கா. கடைசியில் பின் போர்ஷன் அத்தை. உறவுக்கு அத்தை இல்லை, ஆனால் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அவள் வீட்டுக்காரர் பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டினார். அத்தை வாயைத் திறந்தால் தெருமுனை நாய் எழுந்து நிற்கும்.

அந்த அத்தைக்கும் என் அம்மாவுக்கும் வெகு நாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. மொட்டை மாடியில் அம்மா உலர்த்திய புடவையிலிருந்து தண்ணீர் சொட்டி, அத்தை பிழிந்து வைத்த வடாம் கரைந்து போனதுதான் காரணம். ஒரு வார்த்தை வருத்தப்பட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அம்மாவோ, “புடவை காயப்போடற இடத்துல வடாம் போட்டது யார் தப்பு?” என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அடிபம்பில் எதிரெதிரே குடத்தோடு நின்றால்கூட இருவரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு மாதக்கணக்கில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். புற்றுநோய் என்ற சொல் என் காதில் விழாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை அப்பா திருமுடிவாக்கம் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவை மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும் அம்மா வேறு யாரோ போல இருப்பாள். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கும். என்னைப் பக்கத்தில் படுக்கவிட மாட்டாள். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று எனக்கு பயம். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

எல்லாவற்றையும்விட மோசம், அம்மாவால் சாப்பிட முடியவில்லை. ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. உடம்பு இன்னும் இளைத்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா இதை டீச்சர் அம்மாவிடம் வாசலில் நின்று சொன்னபோது, பட்டறையில் இரும்பை வளைக்கிற அந்தக் கைகள் கதவுத் தாழ்ப்பாளைச் சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

சும்மா இருப்பார்களா எங்கள் காம்பவுண்டில்? நோயாளிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று முடிவு செய்தார்கள். மூன்றாவது போர்ஷன் அக்கா பூண்டு நிறையத் தட்டிப் போட்டு மிளகு ரசம் கொண்டுவந்தாள். டீச்சர் அம்மா தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு அனுப்பினார். பேச்சு வார்த்தை இல்லாத பின் போர்ஷன் அத்தைகூட நண்டை இடித்து ரசம் வைத்து, டீச்சர் அம்மா வைத்ததாகச் சொல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றும் மூடியைத் திறந்ததுமே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அன்பு ஆளைக் கொல்லப் பார்த்தது.

ஒருநாள் காலை நான் நடையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். அத்தை வீட்டில் கடுகு வெடித்தது. எங்கள் வீட்டுக்குள் அம்மா ஓங்கரித்தாள். சற்று நேரத்தில் அடங்கியது. பிறகு மூன்றாவது போர்ஷனில் கறிவேப்பிலை பொரிந்தது. மறுபடி அம்மா ஓங்கரித்தாள். அத்தை கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். எங்கள் கதவைப் பார்த்தாள், தன் அடுப்பைப் பார்த்தாள், திரும்ப எங்கள் கதவைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை. கரண்டியிலிருந்த எண்ணெய் அவள் காலில் சொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எனக்கென்ன தெரியும், நான் பொரி தின்றேன்.

மறுநாள் காலையில் எழுந்து வெளியே வந்தால் நடையில் ஒரு வாசனையும் இல்லை. யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தலைக்கு மேலே மட்டும் தடதடவென்று சத்தம். படியேறிப் போய்ப் பார்த்தேன்.

அடேயப்பா! மொட்டை மாடியில் மூன்று மண்ணெண்ணெய் ஸ்டவ்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அரிசிக் குண்டான், குழம்புச் சட்டி, அஞ்சறைப் பெட்டி, அரிவாள்மணை, முறம் என்று மூன்று வீட்டுச் சமையலறையும் மாடிக்கு ஏறியிருந்தது. டீச்சர் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய மொடமொடப்பான காட்டன் புடவையோடு குந்தி உட்கார்ந்து வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அத்தை நடுவில் நின்று முந்தானையை உயரத் தூக்கிப் பிடித்தாள். அது பறக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஸ்டவ்வ அந்தாண்ட நவுத்துங்க, காத்து திரும்பிக்கினு கீது!” என்று அதட்டினாள். டீச்சர் அம்மாகூட மறுபேச்சு பேசாமல் நகர்த்தினார். மேலே விமானப் படைக்காரர்களின் சின்ன விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்தது. எங்கள் சாம்பாரை மோந்து பார்க்கத்தான் அது இறங்கி வருகிறது என்று நான் நம்பினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“இன்னா பாக்குற?” என்றாள் அத்தை. “உங்கம்மாவாண்ட சொல்லிடாத, இன்னா? சொன்னா அதுக்கும் மேல வந்து ஆக்கணும்னு ஆச வந்துரும். படி ஏற முடியாம பேஜாராப் பூடும்.”

நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு பெரிய கூட்டாஞ்சோற்றைப் பற்றிச் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் ஆசை வராது? நான் வாயைத் திறக்கவில்லை. மேலே என்ன சத்தம் என்று அம்மா கேட்டபோது, பசங்க விளையாடுறாங்க என்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு நாள்கூட ஒப்புக்கொள்ள மாட்டாள், அடுத்தவர் அடுப்பைத் தூக்க வைத்தேனே என்று வெட்கப்பட்டு வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எங்காவது கிளம்பிவிடுவாள் என்று அவர்கள் மூவரும் பேசி முடிவெடுத்தார்களாம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு டீச்சர் அம்மா சொன்னது. அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர் அன்று மாடிப்படியில் பாதி வரை ஏறி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துப் பட்டறையிலிருந்து தகரத்தை வளைத்து ஒவ்வொரு ஸ்டவ்வுக்கும் காற்றுத் தடுப்பு செய்து கொண்டுவந்து, மாடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்றாடம் காலையில் மூன்று குடும்பத்துச் சமையலும் மாடி ஏறி இறங்கியது. கொதிக்கிற பாத்திரங்களை ஆறவிட்டு, ஈரத்துணி போட்டு மூடித்தான் கீழே கொண்டுவருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒரு தடவை தாளிக்கும் நேரத்தில் காற்று சட்டென்று திசை மாறியது. “மூடு! மூடு!” என்று அத்தை அலறினாள். கையில் கிடைத்த தட்டு, முறம், டீச்சர் அம்மாவின் குடை எல்லாம் சட்டிகளின் மேல் விழுந்தன. மழை நாட்களில் யாரும் தாளிக்கவே இல்லை. அத்தை வீட்டுக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், “இன்னா சாம்பார் இது, ஆஸ்பத்திரி சாம்பாராட்டம்?” என்று கத்தினார். “தாளிச்சது வோணும்னா ஓட்டல்ல போய்த் துன்னு. இல்லாங்காட்டி கம்னு துன்னு” என்றாள் அத்தை. அவர் கம்மென்று தின்றார்.

அம்மாவுக்குக் கேழ்வரகுக் கூழ் வந்தது. மோர் விட்டு, பானைத் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்து, எந்த வாசனையும் இல்லாமல். கரைத்தது அத்தை, கொண்டுவந்து கொடுத்தது டீச்சர் அம்மா. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அது உள்ளேயே தங்கியது. “டீச்சர் கைப்பக்குவமே தனி” என்று என்னிடம் சொன்னாள். அப்பாவிடம், “மருந்துல மூக்கு செத்துப்போச்சுங்க. ஒரு வாசனையும் தெரியல. அதுவும் நல்லதுக்குத்தான், சோறு இறங்குது” என்றாள். அப்பா, “ஆமாமா, சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார்” என்று கூசாமல் புளுகினார்.

ஊசிகள் தள்ளிப்போகவில்லை. கடைசி ஊசியும் முடிந்து, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்க ஆரம்பித்தாள். அவளாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்த அன்று, நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுது அவள் மடியிலேயே கிடந்தேன்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு காலை. அத்தை மாடிக்குப் போகவில்லை. தன் சமையலறையிலேயே அடுப்பை மூட்டினாள். டீச்சர் அம்மாவும் மூன்றாவது போர்ஷன் அக்காவும் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். ஏன் இப்படி யாரோ வரப்போகிறார்கள் போல நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை ஒரே ஒரு சிட்டிகை கடுகை எண்ணெயில் போட்டாள். கறிவேப்பிலை, வெந்தயம், கிள்ளிய மிளகாய். இன்னொரு கையில் மூடியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, எங்கள் கதவை உற்றுப் பார்த்தபடி நின்றாள். காரக்குழம்பின் வாசனை மெல்ல நடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போனது.

நானும் அதன் பின்னாலேயே உள்ளே போனேன். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். எனக்கு பயமாக இருந்தது, பாத்திரம் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று கையசைத்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் முகம் சிரித்தது.

“வாசனை வருதுடி எனக்கு. பின் போர்ஷன்ல காரக்குழம்பு” என்றாள். அப்புறம் சற்றுத் தயங்கிவிட்டு, “போய் அத்தைகிட்ட, அம்மா கொஞ்சம் கேட்டாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வா” என்றாள்.

நான் கிண்ணத்தோடு ஓடினேன். “அத்தை, அம்மாவுக்குக் காரக்குழம்பு வேணுமாம். கொஞ்சம் கேட்டாங்க” என்றேன்.

அத்தையின் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது. தெருவையே நடுங்க வைக்கிற அந்தப் பொம்பளை அடுப்புக்கு முன்னால் அப்படியே சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். டீச்சர் அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. போயும் போயும் ஒரு கிண்ணம் குழம்பு கேட்டதற்கா இவ்வளவு அழுகை? பழைய வடாம் சண்டை இன்னும் மனசில் இருக்கிறது, அம்மாவுக்குக் கொடுக்க இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டுச் சமாதானம் சொன்னேன்.

“அழாதீங்க அத்தை. ரொம்ப வேணாம், ஒரு கரண்டி போதும்.”