ஓட்டக்காரியின் கையில் பன்னீர்ச் செம்பு

நாளை திருவொற்றியூரில் பள்ளி மாணவிகளுக்கான கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி.

இன்று நான் வந்த பேருந்தில், போட்டியை நடத்தும் பள்ளியின் பி.டி. மாஸ்டர், அந்தப் பள்ளியிலேயே மிக வேகமாக ஓடும் மாணவியிடம் சொன்னார்:

"நீ ஓட வேணாம்மா. சீஃப் கெஸ்ட்டுக்குப் பன்னீர் தெளிக்கணும். வேர்த்துப்போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஓடி முடிச்சிட்டு தெளிக்கிறேன் சார். அவரு கார்ல வர்றதுக்குள்ள நான் ஃபர்ஸ்ட்டு வந்து நின்னுகினு இருப்பேன்."

பேருந்தே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

என் தங்கையையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஓட விடாமல் நிறுத்தினார்கள். இன்னும் நான் மன்னிக்கவில்லை.

"பன்னீர நான் தெளிக்கிறேன், அவள ஓட விடுங்க" என்றேன்.

"பொண்ணுங்க தெளிச்சாதான் சார் அழகு."

இறங்கிவிட்டார்.

அவருக்கான பதில்களை இங்கே எழுதுங்கள். நாளை போட்டி தொடங்குமுன் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுகிறேன். நாகரிகம் பார்க்க வேண்டாம்.